பசி திடீரென்று மாறினால்

வீட்டில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் முதல் நாள் மிளகு ரசம் வைக்கிறோம். மறுநாள் பிரண்டைத் துவையல் அரைக்கிறோம். அதற்கும் மசியவில்லை என்றால் மருந்துக்கடையில் நின்று “பசி எடுக்கிற மாதிரி ஒரு டானிக் கொடுங்க” என்கிறோம். ரசத்தையும் துவையலையும் நான் குறை சொல்ல மாட்டேன். டானிக்கைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். பசி டானிக் என்று விற்கப்படும் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கக் கலக்கமும் பசியும் அதோடு சேர்ந்து வரும் விளைவுகள். வயதானவர்களுக்கு அதனால் மலச்சிக்கல் வரும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், சிலருக்குப் புத்தி தடுமாறும். கண் நீரழுத்தம் உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்து ஒன்று உண்டு. நோய் உள்ளே அப்படியே இருக்க, நாலு கவளம் கூடுதலாக இறங்கியதைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடுகிறோம்.

பசி ஏன் மாறியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பசிக்கு வைத்தியம் அதற்குப் பிறகுதான்.

பசியை வயிற்றின் வேலை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இரைப்பை காலியாகும்போது கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரந்து மூளைக்குத் தகவல் சொல்கிறது. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் ‘இருப்பு போதும்’ என்கிறது. குடல், கணையம், தைராய்டு, ரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாம் தங்கள் பங்குக்குச் சொல்ல, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் முடிவெடுக்கிறது. கிருமி தொற்றினால் உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் நேரே அந்த இடத்தில் வேலை செய்து பசியை அடக்கிவிடுகின்றன. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாமலே சோறு பிடிக்காமல் போவது இதனால்தான். நுரையீரலில் சளி கட்டினாலும், சிறுநீரகம் சுணங்கினாலும், மனம் உடைந்தாலும் அது சாப்பாட்டுத் தட்டில் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

சளி, வைரஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் பிடுங்கியது, வீட்டில் ஒரு சாவு போன்ற காரணங்களால் மூன்று நாளோ ஒரு வாரமோ பசி மந்தமாக இருப்பது இயல்பு. தண்ணீர் குடிக்கிறார், சிறுநீர் போகிறது, நாளுக்கு நாள் கொஞ்சம் தேறுகிறார் என்றால் காத்திருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் பசி திரும்பவில்லை என்றால், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதியவர், சின்னக் குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு இந்தக் கெடு பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு நாளே அதிகம்.

நாளைவிட நம்பகமான அளவுகோல் எடை. உடம்பைக் குறைக்க முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விட்டால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் ஜாக்கெட் தோளில் தொளதொளக்கும், வளையல் முழங்கைப் பக்கம் ஏறும், பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருக்கும், மோதிரத்தில் நூல் சுற்ற வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் பார்க்கும் உறவினர் “என்ன இப்படி இளைச்சுட்டீங்க” என்றால் கோபப்படாதீர்கள். தினமும் பார்க்கும் நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கால் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ எடை குறைந்தது மறைந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

“ஏன் சாப்பிடலை?” என்று கேட்டால் “பிடிக்கலை” என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். ஒரு மருமகள் மாமியாரிடம் இப்படிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அத்தை, உங்களுக்குப் பசியே எடுக்கலையா, இல்ல பசிச்சும் சாப்பிட முடியலையா?”

“பசிக்குதும்மா. வாயில வச்சா எரியுது. அதான் மோரை மட்டும் குடிச்சிட்டுப் படுத்துடறேன்.”

பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காமல் இருப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பல்செட்டை இரவில் கழற்றாதவர்களுக்கும் வாயில் பூஞ்சை பிடிக்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் தெரியும். சில நாள் பூஞ்சை மருந்து கொடுத்தாலே சாப்பாடு இறங்கிவிடும். ஆகவே யார் சாப்பிட மறுத்தாலும் முதலில் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ஆடும் பல், ஈறு வீக்கம், தொளதொளத்துப்போன பல்செட், வறண்ட நாக்கு எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். புகையிலை, பாக்கு, குட்கா போடுபவருக்குக் காரம் பட்டாலே எரிகிறது, வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடியவில்லை, அல்லது ஒரு புண் இரண்டு மூன்று வாரமாக ஆறவில்லை என்றால் அன்றைக்கே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குணப்படுத்த முடியும்.

“ரெண்டு வாய் வச்சதும் வயிறு நிறைஞ்சிடுது” என்பது வேறு வகை. இரைப்பைப் புண், இரைப்பைக் கட்டி, ஈரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்தது, நீண்ட நாள் சர்க்கரையால் இரைப்பையின் இயக்கம் மெதுவானது, நாலு நாளாக மலம் போகாதது ஆகியவை இதன் காரணங்களில் சில. முதியவர்களிடம் மலச்சிக்கலைக் கேட்க மறக்காதீர்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

“முழுங்கினா நெஞ்சுல நிக்குது” என்றால் உணவுக்குழாயில் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் தோசை நின்று, பிறகு சோறு நின்று, கடைசியில் கஞ்சி மட்டும் இறங்கும் நிலைவரை பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். தோசை நிற்கும்போதே எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும். சாப்பிடும்போது புரையேறுகிறது, குரல் ஈரமாக ஒலிக்கிறது என்றால், அதிலும் பக்கவாதம் வந்தவர் என்றால், விழுங்கும் தசைகளில் கோளாறு. அவருக்கு வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

“வாசனையே தெரியலை” என்பதைச் சளி பிடித்தபோது எல்லோரும் உணர்ந்திருப்போம். கொரோனா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் இப்படி இருந்தவர்கள் உண்டு. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை.

மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

பசி மாற்றத்தில் எளிதாகச் சரிசெய்யக்கூடிய காரணமும், அதிகமாகக் கவனிக்கப்படாத காரணமும் ஒன்றே: மாத்திரை. பெரும்பாலான வீடுகளில் பழைய பிஸ்கட் டின்னிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ மாத்திரைகள் கிடக்கும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பதால் பெயர் பாதி போயிருக்கும். ஒரு செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். ஒவ்வொன்றும் எப்போது ஆரம்பித்தது, எப்போது அளவு மாறியது என்று எழுதுங்கள். பசி மாறிய தேதிக்கு முந்தைய சில வாரங்களில் ஆரம்பித்த மருந்தின்மேல் முதல் சந்தேகம் விழட்டும்.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் ஆரம்ப வாரங்களில் குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் தரும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் குறையும். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் வாயைக் கசக்கவைக்கும். மருந்து முடிந்ததும் சரியாகும். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிசையும். மூட்டு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கும். இதய நோய்க்கு டிகாக்ஸின் எடுப்பவருக்குத் திடீரென்று சாப்பாடு பிடிக்காமல் குமட்டினால் அந்த மருந்து உடம்பில் அளவு மீறிச் சேர்ந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க வேண்டும். எடையைக் குறைக்கவும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளுடைட் ஊசி பசியைக் குறைக்கவே செய்யும். ஆனால் தண்ணீரே தங்காத அளவுக்கு வாந்தி எடுத்தால் அது மருந்தின் வழக்கமான வேலை இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கண்டபடி பசியைக் கிளப்பும். மனநல மருந்துகளில் ஓலான்சபின், மிர்டாசபின், வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் ஆகியவற்றாலும் பசியும் எடையும் கூடும். “புள்ள மாத்திரை போட்டதுலேர்ந்து குண்டான் குண்டானாச் சாப்பிடறான்” என்று தாய் வருத்தப்படுவதும், அந்தக் காரணத்துக்காகவே மகன் மருந்தை நிறுத்திவிட்டு நோய் திரும்புவதும் நடக்கிறது. மாற்று மருந்து இருக்கிறது, அளவைக் குறைக்கவும் வழி இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் உடலின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். பசி அற்றுப்போய், வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ‘எனக்கு ஸ்டீராய்டு யாரும் கொடுக்கவில்லையே’ என்று நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கும் உடம்பு தேறவும் லேபிள் இல்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட ஆரம்பித்த ஒரு மாதத்தில் பசி அள்ளிக்கொண்டு வந்து முகம் உப்பியிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.

‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்

வயதாக ஆக உணவின் அளவு மெல்லக் குறைவது உண்மை. ஆனால் அது வருடக்கணக்கில் நடப்பது. போன வாரம் மூன்று இட்லி சாப்பிட்டவர் இந்த வாரம் ஒன்றோடு எழுந்தால் அதற்கு வயது காரணமாக முடியாது. முதியவர்களுக்கு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் காய்ச்சலே இல்லாமல் போகலாம். சாப்பிட மறுப்பதும், பகலெல்லாம் தூங்குவதும், பேச்சு குழறுவதும் மட்டுமே அடையாளமாக இருக்கும்.

இங்கே ஒரு நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது, அடிக்கடி தவறவும் விடுகிறோம். 75 வயதுப் பெரியவர். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார். அதில் நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருக்கிறது. அட்டையில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தாக மட்டும் அது இருப்பதால் யாருக்கும் தெரியாது. ‘பிரஷருக்கு உப்பு ஆகாது’ என்று வீட்டில் உப்பையும் குறைத்துவிட்டார்கள். வெயில் காலம். சோறு குறைந்து, தண்ணீரும் மோரும் நிறைய உள்ளே போகின்றன. சில நாளில் குமட்டல், தலைபாரம், சாப்பாட்டின்மேல் வெறுப்பு, நடையில் தள்ளாட்டம். இன்னும் இரண்டு நாளில் பேத்தியின் பெயர் மறந்துபோகிறது. வீட்டார் மறதி நோய் என்று பயப்படுகிறார்கள், அல்லது ‘காலம் நெருங்கிவிட்டது’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் பார்த்தால் 118 இருக்கும். இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. மருத்துவமனையில் மெதுவாக ஏற்றினால் பழையபடி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சோடியத்தை வேகமாக ஏற்றுவதே மூளையைப் பாதிக்கும், அதனால் இது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை. சோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். முதியவர் சாப்பிட மறுத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதயம் பலவீனமானாலும் பசி போகும். குடலிலும் ஈரலிலும் ரத்தம் தேங்குவதால் வயிறு எப்போதும் கனமாகவே இருக்கும். மாலையில் கால் வீக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை உடன் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரக்கூடும். ‘கேஸ் பிடிச்சிருக்கு, சாப்பாடு வேண்டாம்’ என்று வியர்த்துப்போய் உட்காருபவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கழிக்காமல் ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போங்கள்.

மறதி நோய் உள்ளவர்கள் சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார்கள், சாப்பிடாததையும் மறப்பார்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகையில் இனிப்பின்மேல் தீராத ஆசை வரும். ஒளித்துவைத்த சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்துத் தின்பார்கள். அவர்களைத் திட்டுவதில் பலன் இல்லை.

நடுவயதில்

காமாலையில் கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே பசி போய்விடும். எண்ணெய் வாசனை குமட்டும், சிகரெட் பிடிப்பவருக்குச் சிகரெட்டே பிடிக்காது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தானாகவே ஆறும். கீழாநெல்லிக்குக் கிடைக்கும் பெயரில் ஒரு பங்கு இந்தத் தானாக ஆறுவதற்கே உரியது. அதனால் கீழாநெல்லி குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்து. தூக்கக் கலக்கம், உளறல், ரத்தக்கசிவு வந்தால் யாராக இருந்தாலும் பெரிய மருத்துவமனைதான்.

காசநோயை நாம் இருமலோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். பசியின்மை, எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை ஆகியவை இருமலுக்கு முன்பும் வரலாம், இருமல் இல்லாமலும் வரலாம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம், மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. காசநோய் மாத்திரைகளும் ஆரம்பத்தில் பசியைக் கெடுக்கும். அதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் தொடர்ந்து வாந்தி வந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

அல்சருக்குக் காரம்தான் காரணம் என்று சொல்லிச் சொல்லிப் பலரைப் பத்தியச் சாப்பாட்டிலேயே வைத்திருக்கிறோம். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார மருந்தில் அதை ஒழிக்கலாம். மலம் தார் நிறத்தில் போனால், ரத்த வாந்தி எடுத்தால், வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக வயிறு சீக்கிரம் நிறைய ஆரம்பித்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் இருக்குமோ என்ற பயத்தாலேயே பலர் போவதில்லை. இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டியது அதுதான்.

பல வருடமாகச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், காலையில் எழுந்ததும் குமட்டுகிறது, வாயில் ஏதோ நாற்றம் என்றால் கிரியேட்டினின் பாருங்கள். சிறுநீரகம் நின்றுபோகும்வரை வலியே இருக்காது.

பசி கூடினால்

பசி குறைந்தால் பதறும் வீடு, பசி கூடினால் மகிழ்ந்துவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று சர்க்கரை. தாகம், அடிக்கடி சிறுநீர், அகோரப் பசி, கூடவே எடை இறக்கம். ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் செல்களுக்குள் போகாததால் உடம்பு பட்டினி கிடக்கிறது. வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்குமேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்குமேல் இருந்தால் அது நீரிழிவு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இந்த அறிகுறிகள் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வாந்தியும் வயிற்றுவலியும் வேகமூச்சும் சேர்ந்துவிட்டால் நிலைமை கைமீறும்.

இன்னொன்று தைராய்டு அதிகம் சுரப்பது. கை நடுக்கம், படபடப்பு, வெயில் தாங்காமை, அடிக்கடி மலம். ஆனால் இதே நோய் முதியவர்களுக்கு வந்தால் பசி கூடாமல் குறையவும் செய்யலாம். டி.எஸ்.எச். சோதனை போதும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் பசி மந்தமாகவும் எடை கூடுதலாகவும் இருக்கும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று பிடுங்கித் தின்னும் பசி, வியர்வை, நடுக்கம் வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவை பெரும்பாலும் கவலைப்பட வேண்டாதவை: தாய்ப்பால் கொடுப்பது, வளரும் பருவம், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், சிகரெட்டை நிறுத்தியது, காய்ச்சல் விட்ட மறுவாரம். இரவு வேலை பார்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்குக் கிரெலின் கூடி நொறுக்குத்தீனி ஆசை வரும். அதற்கு மருந்து தூக்கம்தான்.

சாப்பிடக் கூடாததைச் சாப்பிட ஆசை வந்தால் அது தனிக் கதை. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்வது, சாம்பல், விபூதி, பல்பக்குச்சி, மண், ஃபிரிட்ஜில் சுரண்டிய ஐஸ். பெண்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். கெட்ட பழக்கம் என்று குழந்தைகளை அடிப்பார்கள். அடியை நிறுத்திவிட்டு ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவின் தெளிவான அடையாளங்களில் இதுவும் ஒன்று. இரும்புச்சத்து ஏறியதும் ஆசை பெரும்பாலும் தானே போய்விடும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

குழந்தைகள்

ஒரு வயது முடிந்ததும் ‘சாப்பிடவே மாட்டேங்குது’ என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு கேட்கும். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் இரண்டு மூன்று கிலோதான் கூடும். வளர்ச்சி குறையும்போது பசியும் குறையும். அங்கன்வாடியில் தரும் அட்டையில் வளர்ச்சிக் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். போனால் குழந்தையை விடுங்கள். நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குப் பசியை எதிர்பார்க்க முடியாது. ஓடி விளையாடும் பிள்ளை திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கித் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சொல்லி, அந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மனதும் பசியும்

மனச்சோர்வு உள்ளவர் பலர் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘சாப்பாடு இறங்கலை, தூக்கம் வரலை, உடம்பெல்லாம் அசதி’ என்றுதான் சொல்வார்கள். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவதையும், முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவதையும் கேளுங்கள். இரண்டு வாரம் இப்படி இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். சிலருக்குப் பசி கூடவும் செய்யும். துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவர்களுக்குச் சமைக்கவே மனம் வராது. அவர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவது மருந்துக்கு நிகரான உதவி. வளரிளம் பெண் சாப்பாட்டைத் தட்டில் ஒதுக்கி ஒதுக்கி மறைக்கிறாள், மெலிந்த பிறகும் குண்டாக இருப்பதாகச் சொல்கிறாள், மாதவிலக்கு நின்றுவிட்டது என்றால் அதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காரணம் தெரியும்வரை

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். காலையில் பசி கொஞ்சம் நன்றாக இருந்தால் சத்தானதைக் காலையிலேயே கொடுங்கள். கொஞ்சமே இறங்குகிறது என்றால் அந்தக் கொஞ்சத்தில் சத்து இருக்கட்டும்: வெறும் கஞ்சித் தண்ணீருக்குப் பதில் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த கஞ்சி, முட்டை, தயிர், வேர்க்கடலை அரைத்த சத்துமாவு. சாப்பிடும் முன் தண்ணீரால் வயிற்றை நிரப்ப வேண்டாம். சீரகத் தண்ணீர், இஞ்சி, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் தாராளமாக. ஊறுகாயும் வற்றலும் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவோடு. அழுது, மிரட்டி ஊட்டாதீர்கள். பல நாள் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு, முக்கியமாகக் குடிப்பழக்கம் உள்ளவருக்கு, ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுப்பது ஆபத்து; மருத்துவர் பார்வையில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

சர்க்கரை நோயாளி சாப்பிடாத நாளில் வழக்கமான மாத்திரையை அப்படியே கொடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். இன்சுலினை முழுக்க நிறுத்தினாலும் ஆபத்து. மெட்ஃபார்மின், டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவற்றை வாந்தி, பட்டினி நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. அன்றைக்கே போன் செய்து மருத்துவரைக் கேளுங்கள்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மயக்கம், உளறல், கடும் வயிற்றுவலி, கறுப்பு மலம், நெஞ்சு அடைப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்று முதல், எடை எவ்வளவு குறைந்தது, மேலே சொன்ன பதில்களில் எது, என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அணுக்கள், சர்க்கரை, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஈரல் சோதனை, டி.எஸ்.எச்., சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவற்றில் பல காரணங்கள் பிடிபட்டுவிடும். இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே உண்டு.

முதியவர் இருக்கும் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் நிறுத்தி, வரும் எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் எழுதாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவோம்.